ஒரு லாகின், இரண்டு ஆப்: நடுவில் ரிவர்ஸ் ப்ராக்ஸி என்ன செய்கிறது?

மைசூருவில் இன்ஃபோசிஸ் பயிற்சியை முடித்து முதல் புராஜெக்டுக்கு வருகிறீர்கள். அங்கே லாகின் ஒரு ஆப்பில், சம்பள விவரம் இன்னொரு ஆப்பில். லாகின் செய்தவர் யார் என்பது இரண்டாவது ஆப்புக்கும் தெரியணும். எப்படி?

ரிவர்ஸ் ப்ராக்ஸி என்றால்?

கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி மாதிரி. பிரவுசரிலிருந்து வரும் கோரிக்கை முதலில் இதனிடம் வரும். இதுதான் உரிய ஆப்புக்கு அனுப்பும். 2004இல் வெளியான என்ஜின்எக்ஸ் இந்த வேலைக்குப் பிரபலம்.

தகவல் எப்படிப் போகிறது?

ப்ராக்ஸி முதலில் லாகின் ஆப்பிடம் 'இவர் யார்?' என்று கேட்கும். கிடைத்த பெயரை ஹெடரில் எழுதி, கோரிக்கையைச் சம்பள ஆப்புக்கு அனுப்பும். பாஸ்வேர்டு அங்கே போகவே வேண்டாம்.

ஆபத்து எங்கே?

அதே ஹெடரை யாரும் தானே எழுதி அனுப்பலாம். கேட் பாஸை வந்தவரே எழுதிக்கொண்டு வருவது போலத்தான் இது. சம்பள ஆப் அதை நம்பினால், அடுத்தவர் சம்பளம் திறந்துவிடும். 2016 ஜூலையில் வெளியான 'ஹெச்டிடிபாக்ஸி' ஓட்டைக்கும், வெளியிலிருந்து வந்த ஒரு ஹெடரைச் சிஜிஐ முறையில் ஓடிய ஆப்கள் நம்பியதுதான் காரணம்.

என்ன செய்யணும்?

வெளியிலிருந்து வரும் அந்த ஹெடரை ப்ராக்ஸி அழித்துவிட்டு, தானே புதிதாக எழுத வேண்டும். சம்பள ஆப்புக்கு நேரடி வழி இருக்கக்கூடாது. ப்ராக்ஸி வழியாக வருவதை மட்டும் அது ஏற்கணும்.

ஹெடர் பெயரில் அண்டர்ஸ்கோர் வேண்டாம், ஹைஃபன் போடுங்க. தன்னிடம் வரும் கோரிக்கையில் அண்டர்ஸ்கோர் உள்ள ஹெடர் இருந்தால், செட்டிங்கை மாற்றாதவரை என்ஜின்எக்ஸ் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும்.