தண்டரைத் தோப்பு

ஒரகடத்துக் கார்த் தொழிற்சாலைகளின் மதில்களைப் பார்த்து நானும் பிரமித்தவன்தான். ஆனால், செங்கற்பட்டுப் பக்கத்துத் தண்டரையை நம்மில் எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறோம்?

இருளர்களுக்குக் காடுதான் பள்ளிக்கூடம், காடுதான் பிழைப்பு. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை அடுத்து, அவர்களுடைய பாம்புத்தோல் வியாபாரம் நின்றது. சட்டம் நியாயமானதுதான். அதற்காக அடுப்பு எரியாமல் இருக்குமா?

1978-இல் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுபடியும் காட்டிலேயே விட்டார்கள்.

1986-இல் இருளப் பெண்களும் ஒரு நலச் சங்கம் கண்டார்கள். தண்டரையில், வறண்டு கிடந்த தரையில் மரமும் மூலிகையும் வைத்தார்கள். பாட்டிமார் வாய்வழியாகச் சொல்லி வந்த வைத்தியம் அங்கே பாடமாயிற்று. நாற்று வளர்ப்பதும் மருந்து தயாரிப்பதும் தொழிலாயின.

'பழங்குடிகளுக்குப் பயிற்சி' என்று நாம் பெருமையாக எழுதுகிறோம். தண்டரையில் மூலிகை கற்க வருகிறவர்களுக்கு, ஐயா, வாத்தியாரம்மா அந்த இருளப் பெண்தான்!