வாயைக் கட்டி வெட்டினார்கள்!

கடலூர் சில்வர் பீச்சுக்குப் போய்க் காற்று வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு, பக்கத்திலேயே ஒரு பெரிய கோட்டை இருந்த விஷயம் தெரியும்? செயின்ட் டேவிட் கோட்டை. 1690-ல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கியது. பீரங்கியைச் சுட்டு, குண்டு விழும் தூரம் வரை எங்களுக்கு என்று எல்லை போட்டுக்கொண்டார்கள். 'குண்டு கிராமங்கள்' என்ற பேர் அப்படி வந்ததுதான்.

அந்தக் கோட்டையைப் பிடித்துத் தகர்த்துத் தரைமட்டமாக்கியவர் தாமஸ் ஆர்தர் லாலி. அப்பா அயர்லாந்துக்காரர், மகன் பிரெஞ்சுத் தளபதி. 1745-ல் ஃபோன்டனோய் யுத்தத்தில் இவருடைய ரெஜிமென்ட்டும் சேர்ந்து ஆங்கிலேயப் படையை உடைத்ததில் மன்னர் பதினைந்தாம் லூயிக்கு ஏக சந்தோஷம். யுத்தகளத்திலேயே பிரிகேடியர் பதவி!

1758 ஏப்ரல் 28-ம் தேதி புதுச்சேரியில் வந்து இறங்கினார் லாலி. இறங்கிய கையோடு படையைக் கடலூருக்கு அனுப்பிவிட்டார். வண்டி இல்லை, மாடு இல்லை, கூலியாள் இல்லை. அதனாலென்ன, அகப்பட்டவர்களையெல்லாம் மூட்டை தூக்க வைத்தார். ஜாதி, தராதரம் எதுவும் பார்க்கவில்லை. (இன்றைக்குப் படித்தால் சமத்துவம் மாதிரி தெரியும். அது வெறும் முரட்டுத்தனம்.) ஜூன் 2-ம் தேதி கோட்டை விழுந்தது. சிதம்பரத்துக்குப் பக்கத்தில், கொள்ளிடக் கரை தேவிக்கோட்டையையும் ஆங்கிலேயர்கள் காலி செய்துவிட்டு ஓடினார்கள்.

அடுத்து சென்னைதான் என்று நினைத்தபோது கஜானாவைத் திறந்து பார்த்தால் காலி! தஞ்சாவூர் ராஜா எழுதிக் கொடுத்த பழைய கடன் பத்திரம் ஒன்று இருந்தது. 50 லட்சம் ரூபாய்க்கும் மேல். வசூல் செய்யக் கிளம்பினார். வழியில் கீழ்வேளூர் கோயிலில் புதையல் தேடிக் குடைந்தார், ஒன்றும் சிக்கவில்லை. ஒற்றர்கள் என்று சந்தேகப்பட்டு ஆறு பிராமணர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். இந்தப் பாவத்துக்காக அவர் தலை போயிருந்தால் நம் ஊர்க்காரர்கள் யாரும் அழுதிருக்க மாட்டார்கள்.

தஞ்சாவூரில் காசு பெயரவில்லை. டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டார். வெளியே இருந்துகொண்டு அவருக்கு வந்த தானியத்தையும் மாட்டையும் மடக்கித் தொல்லை கொடுத்தவர்களில் ஒருவர் நம்ம யூசுப் கான், அதாவது மருதநாயகம். (அன்று ஆங்கிலேயர் மெச்சிய அந்த வீரரைத்தான் 1764-ல் துரோகி என்று மதுரையில் தூக்கில் போட்டார்கள்.) 1759 பிப்ரவரியில் லாலி பின்வாங்கினார். 1760 ஜனவரி 22-ல் வந்தவாசியில் சரியான உதை. மதிலுக்குள் பட்டாளத்தை வைத்துக் கோட்டையாகவே பயன்படுத்திய சிதம்பரம் கோயிலும் ஏப்ரலில் கை நழுவியது. கடைசியில் புதுச்சேரி, பட்டினியில் வாடி 1761 ஜனவரி 16-ம் தேதி சரணடைந்தது.

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு உறுத்துவது அதற்கப்புறம் நடந்த விஷயம்தான். லாலி பல்லக்கில் வெளியேறும்போது சொந்த அதிகாரிகளே கூச்சல் போட்டு ஏசினார்கள். அவருடன் இருந்த துய்புவா என்ற வயதான அதிகாரியை வாளால் குத்திக் கொன்றார்கள். கம்பெனிக்காரர்களின் முறைகேடுகளைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்த காகிதங்கள் அத்தோடு மாயம்! ஆடிட்டரையும் காணோம், லெட்ஜரையும் காணோம். அப்புறம் நஷ்டக் கணக்கை யார் பேரில் எழுதுவது?

லாலி இங்கிலாந்தில் கைதியாக இருந்தார். தன் மீதான புகாருக்குப் பதில் சொல்ல, பரோல் வாங்கிக்கொண்டு தானாகவே பாரிஸுக்குப் போனார். நிஜத் துரோகி அப்படிப் போவானா? பாஸ்டில் சிறையில் தள்ளினார்கள். மன்னரையும் நாட்டையும் கம்பெனியையும் காட்டிக்கொடுத்தார் என்று 1766 மே மாதம் தீர்ப்பு வந்தது. மே 9, நடுத்தெருவில் தலை வெட்டு. ஏதாவது பேசித் தொலைப்பாரோ என்று வாயைக் கட்டித்தான் கூட்டிப் போனார்கள்.

அப்போது அவருடைய மகனுக்கு 15 வயது. பிற்பாடு அப்பாவுக்காக வழக்காடினான். எழுத்தாளர் வால்டேரும் பேனாவை எடுத்தார். 1778-ல் அரசரின் கவுன்சில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. சேதி வந்தபோது வால்டேர் மரணப் படுக்கையில் கிடந்தார். சந்தோஷப்பட்டு நாலு வரி சொல்லி எழுதவைத்தார். நாலே நாளில் அவரும் போய்ச் சேர்ந்தார்.