சரண்ஜித் சிங்கின் 'டென் ராகாஸ்': 1982-ல் கண்டுகொள்ளப்படாத ஆல்பத்தை இன்று எப்படிக் கேட்பது?

பத்து ராகங்கள், ஒரு டிரம் மெஷின், ஒரு பேஸ் மெஷின், ஒரு சிந்தசைசர், வாசிக்க ஒரே ஆள். 1982-ல் எச்.எம்.வி வெளியிட்ட 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' இவ்வளவுதான். வந்தபோது பெரிதாக விற்கவில்லை. இன்று இதை 'உலகின் முதல் ஆசிட் ஹவுஸ் ஆல்பம்' என்று கொண்டாடுகிறார்கள். அந்தப் பட்டத்தால் புகழ் கிடைத்தது. ஆனால் உள்ளே இருக்கும் ராகங்கள் பின்னால் போய்விட்டன.

யார் இவர்?

மும்பையின் இந்தி சினிமா ஸ்டுடியோக்களில் கிட்டாரும் கீபோர்டும் வாசித்தவர். அது டிஸ்கோ காலம். 'குர்பானி' (1980), நாசியா ஹசனின் 'டிஸ்கோ தீவானே' (1981), 'டிஸ்கோ டான்சர்' (1982) என வரிசையாக ஹிட். பிரிட்டனிலோ சிந்தசைசரை நம்பிய நியூ வேவ் இசை உச்சத்தில் இருந்தது. எல்லாரும் டிஸ்கோ பாட்டு போடும்போது, அதே பீட்டில் ராகம் வாசித்தால் என்ன என்று யோசித்தார் சிங்.

என்ன கருவிகள்?

மூன்றும் ரோலண்ட் நிறுவனத்துடையவை. டிஆர்-808 தாளம், டிபி-303 பேஸ், ஜூபிடர்-8 மெலடி.

இதில் 303-தான் முக்கியம். பேஸ் கிட்டாருக்கு ஆள் கிடைக்காதவர்களுக்காக வந்த சின்னப் பெட்டி இது. சந்தையில் எடுபடாமல், 1984-லேயே உற்பத்தி நின்றது. பிறகு செகண்ட் ஹேண்டில் மலிவாக வாங்கிய சிகாகோ இளைஞர்கள் அதன் குமிழ்களைத் திருகித் திருகி ஒரு புது ஒலியைக் கண்டுபிடித்தார்கள். 1987-ல் ஃப்யூச்சர் குழுவின் 'ஆசிட் டிராக்ஸ்' வந்தது. ஆசிட் ஹவுஸ் பிறந்த கதை இது.

அப்போ சிங் முன்னோடியா?

காலக்கணக்கில் ஆமாம், 5 வருஷம் முந்தியவர். ஆனால் சிகாகோக்காரர்கள் இவரைக் கேட்டுச் செய்ததாகத் தடயம் எதுவும் இல்லை. ஒரே கருவி, இரண்டு ஊர், இரண்டு தேவை.

சிங்கின் தேவை ராகம். 303-ல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் 'ஸ்லைடு' வசதி உண்டு. சுருதி விலகாமல் திரும்பத் திரும்ப வரும் பேஸ், தம்புராவின் வேலையைச் செய்கிறது. மேலே ஜூபிடர்-8 ராகத்தை விரிக்கிறது. மெஷினுக்காக ராகத்தை அவர் வளைக்கவில்லை.

நமக்குத் தெரிந்த ராகங்களா?

பெயர்தான் வேறு; பல ராகங்கள் பழகியவை:

- பைரவ்: நம்ம மாயாமாளவகௌளை. பாட்டு கிளாஸில் சரளி வரிசை தொடங்கும் ராகம்.
- பூபாலி: மோகனம். 'நின்னுக்கோரி வர்ணம்' ஞாபகம் வருதா?
- யமன்: கல்யாணிக்கு நெருங்கிய சொந்தம். 'ஜனனி ஜனனி' வந்ததும் இதே 1982-ல்தான்.
- கலாவதி: வலஜி.
- மால்கௌன்ஸ்: ஹிந்தோளம். அலிபிரி படிகளில் திருமலைக்கு ஏறுபவர்களுக்குப் பழக்கமான அன்னமாச்சாரியாரின் 'கொண்டலலோ' இந்த ராகம்தான்.

ஒரு எச்சரிக்கை: இதில் உள்ள தோடி நம்ம தோடி இல்லை, சுபபந்துவராளிக்குப் பக்கம்.

குறையே இல்லையா?

இருக்கு. ஒவ்வொரு டிராக்கும் சுமார் 5 நிமிடம்தான். ஆலாபனைக்கு நேரம் இல்லை. தாளமும் அதிகம் மாறாது. மொத்தமாகக் கேட்டால் சிலருக்கு ஒரே மாதிரி தோன்றலாம். 1982-ல் சினிமா ரசிகருக்கு இதில் பாட்டு இல்லை. கச்சேரி ரசிகருக்கு டிஸ்கோ ஆகாது. இரண்டு பக்கமும் இதற்கு ஆள் இல்லாமல் போனது.

மீண்டது எப்படி?

2002-ல் டெல்லியில் இந்த ரெக்கார்டு நெதர்லாந்து சேகரிப்பாளர் எடோ பௌமன் கையில் கிடைத்தது. 2010-ல் தன் 'பாம்பே கனெக்‌ஷன்' மூலம் அதை மறுவெளியீடு செய்தார். எழுபதை ஒட்டிய வயதில் சிங் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார். 2015-ல், 74 வயதில் மும்பையில் காலமானார்.

எங்கே ஆரம்பிக்கலாம்?

மால்கௌன்ஸ். ஹெட்போனில் கேளுங்கள். முதல் முறை பேஸை மட்டும் கவனியுங்கள். அடுத்த முறை ராகத்தை. பிடித்திருந்தால் முதல் டிராக் பைரவுக்குப் போங்கள். அது விடியற்காலை ராகம். கடைசி டிராக் பைரவி, ஹிந்துஸ்தானி கச்சேரிகளை முடிக்கும் வழக்கமான ராகம். டிஸ்கோ பீட்டிலும் அந்தக் கச்சேரி மரபை சிங் கைவிடவில்லை.