லீஸ் ஆபரேட்டர்

(பெ.) அமெரிக்க லாரித் தொழிலில், வண்டியைக் குத்தகைக்கு எடுத்து, பெரும்பாலும் குத்தகைக்குக் கொடுத்த நிறுவனத்தின் சரக்கையே ஏற்றி ஓட்டுபவர். 'லீஸ்' என்பதன் வேர், தளர்த்துதல் எனப் பொருள்படும் 'லக்ஸாரே' என்ற லத்தீன் வினை. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது.

கம்பெனி டிரைவருக்குப் பொதுவாக மைல் கணக்கில் கூலி; டீசல், டயர், இன்சூரன்ஸ் முதலாளி பாடு. லீஸ் ஆபரேட்டருக்கு மைலுக்குக் கூடுதல் தொகை, அல்லது சரக்கு வாடகையில் பங்கு. ஆனால் வாராந்தரக் கணக்குச் சீட்டில் வண்டித் தவணை, டீசல், பராமரிப்பு எல்லாம் கழியும். வண்டி ஒர்க்ஷாப்பில் நின்றாலும் தவணை நிற்காது. சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரியும் கம்பெனி டிரைவருக்குப் போல 7.65 அல்ல, 15.3 சதவீதம். இருவர் வருமானத்தையும் ஒப்பிடுகிறவர், பிடித்தம் போகக் கையில் நிற்பதையே பார்க்க வேண்டும்.