கணக்கேட்டின் கோலமும் பொருளும்

புத்தளக் களப்புக்கு மேற்கே நீண்டு கிடக்கும் கற்பிட்டியில் 1807 ஆம் ஆண்டிலே பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. புத்தளத்தில் மணியகாரராகக் கடமையாற்றிய இவ்வறிஞர், இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் விளைபொருள்களையும் குடிகளையும் பற்றிய செய்திகளைத் திரட்டி, ஆங்கிலத்தில் 'சிலோன் கசற்றியர்' என்னும் நூலை 1834 இல் வெளியிட்டார். தமிழ்ப் புலவர்களின் வரலாறு கூறும் 'தமிழ் புளூட்டார்க்' 1859 இல் வெளிவந்தது. இரண்டும் அகரவரிசையில் அமைந்தவை. அடுத்தடுத்த ஊர்கள் இரண்டு, பெயரின் முதலெழுத்து வேறுபட்டமையால், நூலில் நெடுந்தூரம் விலகி நிற்கின்றன. ஊர்களைப் பற்றிய செய்தி ஒன்றும் குறையவில்லை; ஆயின் அவை அயலூர்கள் என்னும் உண்மை வரிசையிலே புலப்படாது போகின்றது. எழுதப்பட்ட பொருள் ஒன்று, அதனை வைத்திருக்கும் கோலம் மற்றொன்று. கோலத்தை மாற்றும்பொழுது பொருளில் ஏதேனும் உதிர்கின்றதா என்னும் கேள்வி பட்டியல் எழுதுவோர் அனைவருக்கும் பழையது.

ஓலையில் எழுதியோரும் இதனை அறிந்திருந்தனர். எழுத்தாணி கீறிய கீறலே எழுத்து. அதன்மேல் தடவிய மை அதனைக் கண்ணுக்குக் காட்டும் துணை மாத்திரமே. மை மங்கினால் மீண்டும் தடவிக்கொள்ளலாம். கீறல் சிதைந்தால் மீட்க வழியில்லை. ஓலையிலே பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இடுவதில்லை. படிப்பவன் தன் மொழியறிவினால் அதனை நிரப்பிக்கொண்டான்.

இந்தப் பழைய வேறுபாடு கணினியின் விரிதாளிலே புதிய உருவில் தோன்றியது. 1979 இல் டான் பிரிக்லின், பொப் பிராங்ஸ்டன் என்னும் இருவர் ஆக்கிய 'விசிகால்க்' கணக்கேட்டின் நிரல்களையும் நிரைகளையும் திரையிலே கொணர்ந்தது. 1983 இல் 'லோட்டஸ் 1-2-3' வந்தது. 'எக்செல்' 1985 இல் மக்கின்டோஷ் கணினிக்கும், 1987 இல் விண்டோஸ் கணினிக்கும் வெளியாயிற்று. இவற்றிலே ஒவ்வொரு கட்டமும் இரண்டு செய்திகளைத் தாங்கும். உள்ளே இருக்கும் எண் அல்லது சொல் ஒன்று. அது எவ்வாறு தோன்ற வேண்டும் என்னும் கட்டளை மற்றொன்று. எழுத்துரு, நிறம், எல்லைக்கோடு, நாளாகவோ பணமாகவோ எண்ணைக் காட்டும் முறை ஆகிய யாவும் இரண்டாவதைச் சேர்ந்தவை. வடிவமைப்பு என்பது இதுவே.

விசைப்பலகையின் 'டிலீற்' விசை உள்ளீட்டை மாத்திரம் அழிக்கின்றது, கோலத்தைத் தொடுவதில்லை. இதனால் விளையும் குழப்பம் கணக்கர் பலர் கண்டதே. உப்பளக் கணக்கு எழுதும் ஒருவர், முன்பு நாள் எழுதியிருந்த கட்டத்தை வெறுமையாக்கி, அங்கே உப்பு மூடைகளின் தொகை 250 என்று எழுதுகின்றார் எனக் கொள்வோம். திரையிலே தோன்றுவது 1900 செப்டெம்பர் 6 என்னும் நாள். கணினி பிழை செய்யவில்லை. நாள்களை 1900 சனவரி முதலாந் திகதியிலிருந்து தொடரெண்களாகவே அது வைத்திருக்கின்றது. (1900 நெட்டாண்டு அன்று, எனினும் லோட்டஸ் அதனை நெட்டாண்டாகக் கொண்டது. அதனோடு ஒத்துப்போகும்பொருட்டு எக்செல்லும் அவ்வாறே கொண்டது. இல்லாத ஒரு பெப்ரவரி 29 இன்றும் அந்த எண்ணிக்கையில் இடம்பெற்றிருக்கின்றது.) இத்தகைய பழைய கோலத்தைக் களைவதற்கென்றே 'ஹோம்' பட்டியில் 'கிளியர்' என்பதன் கீழே 'கிளியர் போமற்ஸ்' என்னும் கட்டளை வைக்கப்பட்டுள்ளது. அதனை ஏவியவுடன் 250 மீண்டும் 250 ஆகின்றது.

ஆயின் இதே கட்டளை மறுபுறத்திலும் வேலை செய்யும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் என மதிப்பிடப்படும் அம்மக்களுள் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்திலே தஞ்சம் புகுந்தனர். அவ்வாறு இடம்பெயர்ந்த குடும்பத்துக்குப் பெயர்ப்பட்டியல் என்பது வெறுங் காகிதமன்று. பிறந்த ஊர், விட்டுவந்த நாள், குடும்பத்தலைவர் பெயர் என்னும் விவரங்களைக் கொண்டே உரிமைகள் பல நிறுவப்படுகின்றன. யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட நாள் 1990 ஒக்டோபர் 30. அந்நாளை எழுதிய கட்டத்தின் வடிவமைப்பை நீக்கினால், அங்கே நிற்பது 33176 என்னும் எண். ஒரு நாளும் குறையவில்லை, கூடவுமில்லை. நாள் என்று காட்டும்படி மீண்டும் பணித்தால் பழைய உருவம் திரும்பும். எனினும் அறியாதவர் கண்ணுக்கு அது பொருளற்ற இலக்கம். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை எண்ணும் இத்தகையதே. அதனை எண்ணாக எழுதிக் கோலத்தை நீக்கினால், எக்செல் அதனைப் பத்தின் மடங்காகச் சுருக்கிக் காட்டும்.

தமிழுக்கு நேரும் துன்பம் இவற்றினும் பெரிது. இலங்கையிலே நெடுங்காலம் பரவலாக வழங்கிய 'பாமினி' எழுத்துருவில் தட்டச்சிட்ட சொல், கணினியின் உள்ளே தமிழன்று. 'தமிழ்' என்னும் சொல் அங்கே ஜே, கே, பீ, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே இருக்கின்றது. ஜே என்பதைத் தகரமாகக் காட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துருவோ வடிவமைப்பின் ஒரு கூறு. ஆகவே கோலத்தைக் களைந்தவுடன் பட்டியலிலுள்ள பெயர்கள் அனைத்தும் வாசிக்கவியலா ஆங்கிலக் குவியலாக மாறுகின்றன. முன்னதாகவே இருந்த குறைபாடொன்றும் அப்பொழுது வெளிப்படுகின்றது. இப்பெயர்களைக் கணினி வரிசைப்படுத்தியபோதெல்லாம் ஆங்கில எழுத்தின் முறையையே பின்பற்றியிருக்கும். காசிச்செட்டி கையினால் செய்த அகரவரிசையை இயந்திரத்தினால் செய்ய இயலாத நிலை அது.

பாமினியை மீண்டும் தெரிவு செய்தால் பெயர்கள் உயிர்பெறும் என்பது ஓராறுதல். ஆயின் ஒரே நிரலில் சில பெயர்கள் பாமினியிலும் சில பெயர்கள் உண்மையான ஆங்கிலத்திலும் இருந்தனவாயின், எது எதுவென்று பிரித்தறியும் குறியே அழிந்துவிடுகின்றது. நிரல் முழுவதற்கும் பாமினியை இட்டால் ஆங்கிலப் பெயர்கள் பொருளில்லாத் தமிழாகும். 1991 இல் வெளிவந்த யூனிகோட் முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் தரப்பட்டது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2008 இல் 1326 ஆம் இலக்கத் தமிழ்க் குறிமுறைத் தரத்தை வெளியிட்டது. யூனிகோட்டில் எழுதிய பெயர் எக்கோலத்தை இழந்தாலும் தமிழாகவே நிற்கும். பழைய கோப்புகளில் எழுத்துருவைக் களையுமுன் பெயர்களை யூனிகோட்டுக்கு மாற்றிவிடுதலே தக்கது. அம்மாற்றத்தைச் செய்யும் கருவிகள் பல உள.

மீட்கவே முடியாதது நிறம். வீடு பெற்றோர் பச்சை, பெறாதோர் சிவப்பு என்று கட்டங்களுக்கு நிறந்தீட்டி வைக்கும் வழக்கம் எழுதுவினைஞரிடையே உண்டு. அந்த நிறம் எந்தக் கட்டத்தின் உள்ளேயும் எழுதப்படவில்லை. வடிவமைப்பை நீக்கியபின் கோப்பைச் சேமித்து மூடிவிட்டால், பின்வாங்கும் கட்டளைக்கும் அது எட்டாது. 'பெற்றார்', 'பெறவில்லை' என்று வேறொரு நிரலிலே எழுதி வைத்த அலுவலகத்தில் அதே கட்டளையால் பட்டியல் வெளிறியதே தவிர வேறொன்றும் நேர்வதில்லை.