ராமேஸ்வரம் சாலையில் காலைச் சாப்பாடு

சில வருஷங்களுக்கு முன்னால் ஆபீஸ் வேலையாக ஃப்ராங்க்ஃபர்ட் போயிருந்தேன். தங்கின ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக்குத் தனிக் கட்டணம். அந்தக் காசில் தஞ்சாவூரில் ஒரு குடும்பம் இரண்டு வேளை சாப்பிடலாம். மறுநாள் ரயில் நிலையத்துக்குள் இருந்த ஒரு பேக்கரியில், எல்லோரும் நின்றபடியே சாப்பிடுவதைப் பார்த்து, நானும் வெண்ணெய் தடவின ஒரு பன்னும் காப்பியும் வாங்கிக்கொண்டேன். வயிறு நிறைந்தது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் ஊர் திரும்பியும் போகவில்லை. 200 வருஷத்துக்கு முன் நம்ம டெல்டா வழியாக நடந்து போன ஒரு வெளியூர்க்காரன் காலையில் என்ன சாப்பிட்டிருப்பான்?

இட்லி, காப்பி என்று சொல்லிவிட முடியாது. காப்பி கிளப்புகள் எல்லாம் ரயில் வந்த பிறகு வந்தவை. அதற்கு முன் வழிப்போக்கருக்குச் சத்திரம்தான். வடக்கே காசியிலிருந்து ராமேஸ்வரம் போகிற யாத்திரிகர்கள் தஞ்சாவூர் ராஜ்ஜியத்தைக் கடந்துதான் போனார்கள். மராட்டிய மன்னர்கள் அந்த வழியில் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். பல சத்திரங்களுக்கு அரச குடும்பத்துப் பெண்களின் பெயர்தான். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் வழியில் ஒரத்தநாட்டில், இரண்டாம் சரபோஜி 1802-ல் அமைத்த முக்தாம்பாள் சத்திரம். சேதுபாவாசத்திரம் மாதிரி சில இடங்களில் சத்திரமே ஊர்ப் பெயராக நின்றுவிட்டது.

இந்தச் சத்திரங்களில் என்ன நடந்தது என்பதற்கு நல்ல சாட்சி, சரபோஜி 1801-ல் கம்பெனியின் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம். 1799 ஒப்பந்தத்தில் நாட்டின் நிர்வாகம் கம்பெனி கைக்குப் போய்விட்டது. சத்திரங்களாவது தன்னிடம் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதியது அது. ஆகவே கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்லியிருப்பார் என்ற எச்சரிக்கையோடு படிக்கணும்.

பிராமணர் முதல் பறையர் வரை வருகிறவர் எல்லோருக்கும் சோறு உண்டு என்கிறார். வடித்த சோறு வேண்டாம் என்பவருக்கு அரிசியும் மளிகையும் தனியாகக் கொடுத்துவிடுவார்கள். நள்ளிரவு வரை பரிமாறிவிட்டு, மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்கள். கைக்குழந்தைக்குப் பால், நோயாளிக்கு வைத்தியர். சத்திரத்தில் சேர்ந்த அனாதைப் பிள்ளைகளுக்குப் படிப்பு, துணி, நாலு நாளுக்கு ஒரு தடவை எண்ணெய்க் குளியல், ஒரு நாளைக்கு மூன்று வேளை சாப்பாடு.

நான் நின்று யோசித்தது இந்த "மூன்று வேளை"யில்தான். பிள்ளைகளுக்கு வேளைக் கணக்கு இருக்கிறது. வழிப்போக்கனுக்கு நள்ளிரவு மணிதான் இருக்கிறது. காலைச் சாப்பாடு என்று அவனுக்குத் தனியாக ஒன்றும் சொல்லப்படவில்லை. வெயில் ஏறுவதற்குள் நடக்கிறவன் விடியலிலேயே கிளம்பியிருப்பான். முந்தின இரவுச் சோறுதான் அவனுக்குத் தெம்பு என்பது என் ஊகம்.

இலவசம் என்றாலும் யாரோ கொடுத்த விலைதான். சத்திரங்களுக்கு நிலம் மானியமாக விடப்பட்டிருந்தது. அந்த வயலில் நாற்று நட்டவர்கள் காலையில் குடித்தது நீராகாரம், தின்றது பழைய சோறு. அவர்கள் விளைவித்த நெல்தான் யாத்திரிகன் இலைக்கு வந்தது. அதோடு, அரிசியாகவே வாங்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டுக்கு என்ன காரணம்? அடுத்தவர் சமைத்ததைத் தொடாதவர்கள் இருந்தார்கள் என்பதுதான் என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் சோறு உண்டு. எல்லோருக்கும் ஒரே பந்தி என்று சொல்லிவிட முடியாது.

1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்தது. 1914-ல் பாம்பன் பாலமும் திறந்த பிறகு ராமேஸ்வரம் வரை நடக்க வேண்டிய தேவை போய்விட்டது. இனி காசு கொடுத்துச் சாப்பிடலாம். அப்படியும் பந்தி ஒன்றாகவில்லை. ரயில் நிலையச் சாப்பாட்டு இடங்களில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம். பெரியார் தொடர்ந்து எதிர்த்த பிறகு 1941-ல்தான் அது ஒழிந்தது. இலவசமும் தானாக இந்தப் பிரிவை அழிக்கவில்லை, காசும் அழிக்கவில்லை. கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

2013-ல் சென்னையில் அம்மா உணவகம் ஆரம்பித்தபோது இட்லி ஒரு ரூபாய். விலையைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம். எனக்கு இப்போது அதைவிடப் பெரிதாகத் தெரிவது, தட்டை நீட்டுகிறவனை "நீ யார்?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை என்பது. ஃப்ராங்க்ஃபர்ட் பேக்கரியில் என்னையும் யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு அதை நான் கவனிக்கக்கூட இல்லை.

அடுத்த முறை பட்டுக்கோட்டை பஸ்ஸில் போகிறவர்கள் ஒரத்தநாட்டில் இறங்கி, முக்தாம்பாள் சத்திரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். குதிரையும் யானையும் இழுக்கிற தேர் மாதிரி கட்டியிருக்கிறார்கள். பார்த்துவிட்டு, அந்த நள்ளிரவு மணியையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் குறையும் போக, கடைசி ஆள் சாப்பிட்டானா என்று கேட்ட மணி அது.