குத்துக்காலும் ராடும்: ஸ்குவாட் முதுகுவலிக்கு ஒரு மாற்று விளக்கம்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை வானம் பார்த்த பூமி. இங்கே மல்லிக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் களையெடுக்கும் பெண்கள், நஞ்சையில் நாற்று நடுபவர்களைப்போல இடுப்பை வளைத்து நிற்பதில்லை. களைக்கொட்டும் கையுமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அப்படியே நகர்ந்து போகிறார்கள். குதிகால் தரையோடு ஒட்டியிருக்கும். முட்டி கால்விரலைத் தாண்டி முன்னே வந்திருக்கும். அதே வீட்டுப் பையன் ஜிம்மில் ராடைத் தோளில் ஏற்றியதும் காதில் விழும் முதல் கட்டளை, 'முட்டி விரலைத் தாண்டக் கூடாது' என்பது. சில வாரம் கழித்து 'இடுப்பு பிடிச்சிருச்சு' என்கிறான். பிறகு ஸ்குவாட்டே ஆகாது என்று விட்டுவிடுகிறான். இந்த வலியில் பெரும் பங்கு அந்தக் கட்டளைக்கு உரியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முட்டியைப் பற்றிய பயம் நம் ஊரில் பிறந்ததன்று. நம் பழைய தேகப்பயிற்சிக் கூடங்களில் தண்டாலோடு சேர்த்துப் போட்ட பஸ்கியில் முட்டி தாராளமாக முன்னே போகும், குதிகாலும் எழும். 1961இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் கிளைன், முழு ஆழத்துக்கு உட்கார்ந்து எழுவது முட்டி ஜவ்வைத் தளர்த்திவிடும் என்று எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. பயம் மட்டும் தங்கிவிட்டது.

அந்தப் பயத்துக்கு உடம்பு கொடுக்கும் விலையை 2003இல் ஃபிரை, ஸ்மித், ஷில்லிங் ஆகிய மூவர் அளந்தார்கள். பயிற்சி பெற்ற ஏழு ஆண்கள் தங்கள் உடல் எடைக்குச் சமமான பாரத்தோடு உட்கார்ந்து எழுந்தார்கள்: ஒரு முறை இயல்பாக, ஒரு முறை முட்டிக்கு முன்னால் பலகையைத் தடுப்பாக வைத்து. தடுத்தபோது முட்டியில் விழுந்த திருப்புவிசை சுமார் 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117க்கு இறங்கியது. இடுப்பு மூட்டிலோ 28லிருந்து 303க்கு ஏறியது. முட்டிக்குச் சிறிது மிச்சம். இடுப்புக்குப் பத்து மடங்குக் கடன், அதில் ஒரு பங்கு அடிமுதுகுக்கும் போகக்கூடும். ஏழே பேரை வைத்துச் செய்த ஆய்வுதான், ஆனால் போக்கு தெளிவு.

ஏன் இப்படி? ராடின் பாரம் பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே இருந்தால்தான் ஆள் விழாமல் நிற்க முடியும். முட்டி முன்னே போகாவிட்டால் பின்புறம் பின்னே தள்ளும். அதை ஈடுகட்ட நெஞ்சு குனியும். பருத்தி வியாபாரிகள் கையில் இருந்த வெள்ளிக்கோலை நினைத்துக்கொள்ளலாம். நீண்ட கையில் தொங்கும் சிறு குண்டு, குட்டைக் கையில் தொங்கும் பெரிய பொதியைத் தாங்கிவிடும். குனிந்த முதுகில் ராடுதான் அந்தக் குண்டு. முதுகுத் தசைக்கோ குட்டைக் கை, ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். இடுப்பிலிருந்து ராடு வரை 50 சென்டிமீட்டர் என்று வைத்து, உடம்பின் எடையை ஒதுக்கித் தோராயமாகக் கணக்கிட்டால், 60 கிலோ ராடோடு செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்தவனின் முதுகுத் தசை 300 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். 60 பாகை சாய்ந்தால் 500 கிலோவுக்கு மேல்.

இதனால் குத்துக்கால் நிலையை அப்படியே ராடுக்குக் கீழே கொண்டுபோகலாம் என்று பொருளில்லை. களையெடுப்பவரின் அடிமுதுகு வளைந்துதான் இருக்கிறது. மேலே பாரம் இல்லாததால் அதன் பாதகம் குறைவு. 1999இல் ஜெர்மனியில் வில்கே குழுவினர் ஒரு மருத்துவரின் இடுப்பு டிஸ்க்குக்குள்ளேயே அழுத்தமானியைச் செருகி அளந்தார்கள். சும்மா நிற்கையில் 0.5 மெகாபாஸ்கல். 20 கிலோவை முட்டியை மடக்கித் தூக்கியபோது 1.7. முதுகை வளைத்துத் தூக்கியபோது 2.3. ஆக, ஸ்குவாட்டில் கணுக்காலையும் முட்டியையும் களைக்காட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், முதுகை எடுத்துக்கொள்ளக் கூடாது. கீழே போகப்போக இடுப்பெலும்பு உள்ளே சுருளத் தொடங்கும் இடம் ஒன்று எல்லாருக்கும் உண்டு. அதற்குச் சற்று மேலேயே நின்று எழ வேண்டும். இன்னும் ஆழம் போகிறவனைப் பார்த்துப் போட்டி போட வேண்டியதில்லை.

இளவட்டக்கல்லைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. தென்மாவட்டங்களில் பொங்கலுக்குப் பொங்கல் அந்தக் கல்லைத் தூக்குகிறவன் முதுகை வளைத்துத்தானே தூக்குகிறான்? உண்மைதான். ஆனால் அவன் கல்லை நெஞ்சோடு அணைக்கிறான். பாரம் முதுகெலும்புக்கு ஒட்டி வந்துவிடுகிறது. வில்கேயின் அளவும் இதற்கு ஒத்துப்போகிறது: 20 கிலோவை உடம்போடு அணைத்து நின்றால் 1.1 மெகாபாஸ்கல், நெஞ்சிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் 1.8. தவிர, கல் ஆண்டுக்கு ஒரு நாள். ராடு வாரத்துக்கு மூன்று நாள். முதுகுக்குப் பின்னால் கிடக்கும் ராடை யாராலும் அணைக்க முடியாது.

கல்லிலிருந்து கற்க வேண்டியது வேறு. புதிதாக வருகிறவனுக்கு ராடே வேண்டாம். தண்ணீர்க் குடத்தையோ மணல் பையையோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்காரச் சொன்னால் முதுகு தானாக நிமிரும். அது படிந்த பிறகு வெறும் ராடு. கால்விரல் காட்டும் திசையில் முட்டி போகட்டும், எவ்வளவு முன்னே என்று அளக்க வேண்டாம். குதிகால் எழுந்தால் அதன் கீழே சிறு பிளேட்டை வைக்கலாம். பளுதூக்குவோர் காலணியின் உயர்ந்த குதிகால் செய்வதும் அதே வேலைதான். மெத்தென்ற ஓட்டக் காலணியைவிட வெறுங்கால் நல்லது. எழும்போது பின்புறம் மட்டும் முதலில் எழுந்து நெஞ்சு பின்தங்கினால் பாரம் அதிகம் என்று பொருள். பக்கவாட்டில் போனை வைத்து வீடியோ எடுத்தால் இது ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். வயிற்றில் மூச்சை நிரப்பி அடக்குவது முதுகுக்குத் துணை, ஆனால் ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. இடுப்பு பெல்ட்டை நம்பித் தவறான முறையைத் தொடர்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

இந்த ஊரில் இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. வெயிலுக்குப் பயந்து விடியற்காலை ஐந்து மணிக்கு ஜிம் போகிறோம். இரவு முழுக்கப் படுத்திருந்ததில் டிஸ்க் நீர் ஏறி உப்பியிருக்கும் நேரம் அது. வளைவை அப்போது அவ்வளவாகப் பொறுக்காது. எழுந்த பிறகு ஒரு மணி நேரமாவது நடந்து திரிந்துவிட்டு ராடைத் தொடுவது நல்லது. மற்றொன்று, பகலெல்லாம் கரிமூட்டை ஏற்றிவிட்டோ மில்லில் ஷிப்ட் பார்த்துவிட்டோ வருகிறவனுக்கும் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்தவனுக்கும் ஒரே அட்டவணையைக் கொடுப்பது. மூட்டையும் அவன் முதுகின் கணக்கில்தான் சேரும். வலி முட்டிக்குக் கீழே இறங்கினாலோ கால் மரத்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீர் கட்டுப்பாடு தவறினால் அன்றே போக வேண்டும்.

ஜிம் மாஸ்டர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிதாக வருகிறவனிடம் எத்தனை கிலோ தூக்குவாய் என்று கேட்பதற்கு முன், குத்துக்காலிட்டு உட்காரச் சொல்லிக் குதிகாலைப் பாருங்கள். அது தரையில் ஒட்டாதவனுக்குக் குடத்தோடு குதிகாலுக்குக் கீழே பிளேட்டும் கொடுங்கள், ராடு பிறகுதான்.